மூன்றாம் ரவுண்டு வணக்கம்

குத்துச்சண்டையில் நாட்டுக்கே சாம்பியன் என்று பேர் வாங்கியவனுக்கு எத்தனை வரை எண்ணத் தெரிந்திருக்க வேண்டும்? மூன்று வரை தெரிந்தால் போதும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அமெச்சூர், அதாவது காசு வாங்காத சண்டை என்றால் மூன்று ரவுண்டு. மணி அடித்தால் எழுந்து போக வேண்டும், மறுபடி அடித்தால் வந்து உட்கார வேண்டும். மூன்றாவது ரவுண்டு முடிந்து அடித்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான். மீசை முளைப்பதற்கு முன்னாலிருந்து இதையே செய்து செய்து, அந்தக் கணக்கு மூளையில் தங்காமல் முழங்காலில் போய் உட்கார்ந்துகொண்டது. மூளையில் இருந்திருந்தால் எடுத்துச் சொல்லி மாற்றியிருக்கலாம். முழங்காலிடம் யார் பேசுவது?

கடைசி மணிக்குப் பிறகு அமெச்சூர்காரர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. நான்கு பக்கமும் திரும்பிக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். எதிராளியின் மூலைக்குப் போய் அவனுடைய பயிற்சியாளர் கையைத் தொட்டுவிட்டு வர வேண்டும். பிறகு நடுவருக்குப் பக்கத்தில் போய் நின்று மணிக்கட்டை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஜெயித்தவன் கையை அவர் தூக்குவார். அவன் கையைத் தூக்கித் தூக்கி நடுவர்களுக்கே தோள் இறங்கியிருக்கும், அத்தனை ஜெயித்தான். வீட்டு அலமாரி கொள்ளாமல் கோப்பைகள். ஒன்றில் மனைவி துணி மாட்டும் கிளிப்புகளைப் போட்டு வைத்திருந்தாள். மற்றவற்றில் என்ன கிடக்கிறது என்று அவன் எட்டிப் பார்த்ததில்லை.

அந்தக் கோப்பைகளுக்காகத் தண்ணீர் வரி அலுவலகத்தில் அவனுக்கு ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள். நாற்காலியைத்தான் கொடுத்தார்களே தவிர வேலை ஒன்றும் கொடுக்கவில்லை. காலையில் பயிற்சி, மதியம் நாற்காலி, சாயங்காலம் பயிற்சி. அப்படியே விட்டிருந்தால் அதில் உட்கார்ந்தே தலை நரைத்து, மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். மனுஷனுக்கு நல்லது நடந்துகொண்டிருக்கும்போது சும்மா இருக்கத் தெரிவதில்லை. அவனுக்குத் தெரியாததற்குக் காரணம், அவனுக்கு ஒரு மச்சான் இருந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். மெத்தைக்கடை வைத்திருந்தார். வாய் மட்டும் இல்லாவிட்டால் அந்தக் கடை என்றைக்கோ மூடியிருக்கும். ஒருநாள் கடையில் மெத்தை மேல் உட்கார்ந்தபடி கேட்டார்:

"மாப்ள, நீ காசு வாங்காம அடி வாங்குறே. அதே அடிய காசு வாங்கிட்டு வாங்கினா என்ன?"

அந்தக் கேள்வியில் அடி கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை என்பதை அவன் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரன் என்று கையெழுத்துப் போட்டான். மறுநாளே அலுவலகத்தில் நாற்காலியை வாங்கிக்கொண்டார்கள். காசு வாங்கி அடிக்கிறவனுக்கு அங்கே இடமில்லையாம். அமெச்சூர் சங்கமும் கையைக் கழுவிவிட்டது. இனிமேல் அந்தப் பக்கம் தண்ணீர் வாளி தூக்குகிற ஆளாகக் கூட அவன் போக முடியாது. ஒரு கதவு வழியாக வெளியே வந்ததும் எல்லாக் கதவையும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள் என்பது, வந்து நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மச்சான் தானே மேனேஜர் என்று அறிவித்துக்கொண்டார். முதல் வேலையாக ஒரு சிவப்பு அரைக்கால் சட்டை தைத்துக்கொண்டு வந்தார். அதன் பின்புறத்தில், உட்காருகிற இடத்தில், மெத்தைக்கடையின் பெயரும் அதற்குக் கீழே 'சுகமான தூக்கத்துக்கு' என்ற வரியும் அச்சடித்திருந்தது.

"என்ன மச்சான், முன்னாடி போடக்கூடாதா?"

"முன்னாடி உன் கை மறைக்கும் மாப்ள. பின்னாடின்னா எப்பவும் தெரியும்."

"குத்துச்சண்டைக்காரன் பின்னால தூக்கத்தப் பத்தி எழுதலாமா?"

"நீ அடிச்சு அவனத் தூங்க வெக்கப் போறேல்ல, அதான் அர்த்தம்," என்றார் மச்சான். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சண்டை நடந்த இடம் படம் ஓடாமல் மூடிப்போன ஒரு பழைய தியேட்டர். திரை இருந்த இடத்தில் ரிங் கட்டியிருந்தார்கள். அதை நடத்துகிறவருக்கு மைக்கு என்று பேர். அறிவிப்பாளருக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாமல் மைக்கைத் தானே பிடித்துக்கொண்டதால் வந்த பேர் அது. அமெச்சூரில் பனியனும் தலைக்கவசமும் உண்டு. இங்கே இரண்டையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். முதல் தடவை ரிங்கில் ஏறி நின்றபோது, குளிக்கப் போனவன் கதவைத் தாழிட மறந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

அவனுடைய மூலையில் ஒரு சலூன்காரர் நின்றார். சவரத்தில் கன்னம் கிழிந்தால் ரத்தத்தை நிறுத்தத் தெரிந்தவர் என்பதால் அவரைப் பிடித்திருந்தார்கள். வயசானவர். யாரையும் நம்பமாட்டார். தான் நிரப்பிய தண்ணீர் பாட்டிலையே திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

"ஆறு ரவுண்டு தம்பி. ஞாபகம் வெச்சுக்க," என்றார்.

"தெரியும்ணே."

தெரியும்தான். மூளைக்குத் தெரியும்.

எதிரே நின்றவன் ஒரு வெல்டர். கை முரட்டுக் கை, ஆனால் குத்து எங்கிருந்து கிளம்புகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அவனுக்கு மூன்று ரவுண்டும் நன்றாகத் தண்ணி காட்டினான் சாம்பியன். இடது கையால் தொட்டுவிட்டு விலகுவான், வெல்டர் காற்றைக் குத்துவான். கூட்டம் கை தட்டியது. மூன்றாவது ரவுண்டு முடிந்து மணி அடித்தது.

முழங்காலுக்குச் செய்தி போய்விட்டது.

பல்லுக்குப் போடும் ரப்பரை வெளியே எடுத்தான். நான்கு பக்கமும் திரும்பி, ஒவ்வொரு பக்கமும் இடுப்பு மடங்கக் குனிந்து வணக்கம் சொன்னான். வெல்டரின் மூலைக்கு நடந்துபோய் அவனுடைய ஆளிடம் கையை நீட்டினான். அந்த ஆள் வெல்டரின் கழுத்தில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாமல், கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவனிடம் கொடுத்தான். சாம்பியனும் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். பிறகு ரிங்கின் நடுவில் நின்ற நடுவரிடம் போய், பக்கத்தில் விறைப்பாக நின்று, இடது மணிக்கட்டை நீட்டினான்.

நடுவர் அதைப் பார்த்தார். "என்னப்பா, அடிபட்டிருச்சா?"

"இல்ல சார். கையத் தூக்குங்க."

"எதுக்கு?"

"முடிஞ்சிருச்சே சார்."

"இன்னும் மூணு இருக்குப்பா. போய் உக்காரு."

போய் உட்காருவதற்குள் மணி அடித்துவிட்டது. தியேட்டர் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை, முன் வரிசையில் ஒருவர் நாற்காலியோடு சாய்ந்து பின்வரிசைக்காரர் மடியில் விழுந்தார். நான்காவது ரவுண்டில் அவன் கால் அவன் கால் மாதிரியே இல்லை, யாரோ இரவல் கொடுத்த மாதிரி இருந்தது. ஐந்தாவதில் வெல்டரின் கை முதல் தடவையாகச் சரியான இடத்தில் வந்து இறங்கியது. குப்புற விழுந்தான். விழுந்தவன் பின்பக்கத்தில் 'சுகமான தூக்கத்துக்கு' என்று பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் ஒரு பத்திரிகையில் அந்தப் படம்தான் வந்தது. அவன் முகம் அதில் இல்லை. மச்சான் கடையில் அன்றைக்கு நல்ல வியாபாரம்.

சண்டை முடிந்ததும் மைக்கு உடை மாற்றும் அறைக்கு வந்தார். அது பழைய டிக்கெட் அறை. ஒருவர் குனிந்தால் மற்றவர் வெளியே போக வேண்டும். அவர் திட்டப் போகிறார் என்று சாம்பியன் தயாராக இருந்தான்.

"அடுத்த மாசமும் அதையே பண்ணு," என்றார் மைக்கு.

"எத?"

"மூணாவது ரவுண்டு முடிஞ்சதும் பண்ணினியே, அந்த வணக்கம். அப்புறம் போய் தண்ணி வாங்கிக் குடிச்சியே, அது. கையத் தூக்கச் சொன்னியே, அது. ஒண்ணையும் விட்றாத."

"அது தெரியாம நடந்துருச்சுங்க."

"பரவால்ல. தெரிஞ்சே பண்ணு."

மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவன் எங்கே போவது? நாற்காலி போய்விட்டது. வேறு எவனும் கூப்பிடவில்லை. தொழில்முறைச் சண்டையில் நின்று காட்ட வேண்டும் என்றால் யாராவது சண்டைக்குக் கூப்பிட்டாக வேண்டும். சரி, வணக்கம் சொல்வதில் என்ன குறைந்துவிடப்போகிறது, நல்ல பழக்கம்தானே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். தனக்கே காது குத்திக்கொள்வதில் அவனுக்கு இணை இல்லை.

இரண்டாவது சண்டையிலும் மூன்றாம் ரவுண்டு முடிந்ததும் குனிந்தான். கூட்டம் காத்திருந்த மாதிரி சிரித்தது. மூன்றாவது சண்டையில், எதிராளியின் மூலையில் இருந்த துண்டை வாங்கி முகம் துடைத்துக்கொண்டான். நான்காவதில் எதிராளி உட்கார்ந்திருந்த ஸ்டூலின் ஓரத்தில் ஒரு கணம் தொற்றிக்கொண்டு கால் மேல் கால் போட்டான், நடுவர் தூக்காத கையைத் தானே தூக்கிக் காட்டினான். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று சேர்ந்துகொண்டே போனது. கோமாளி வேஷம் போட்டுவிட்டால் அதையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று ஒரு வீம்பு. பயிற்சிக்குப் போனால் குத்துப் பையை விட்டுவிட்டு, கண்ணாடிக்கு முன் நின்று குனிந்து பார்த்தான். போஸ்டரில் அவன் குனிந்து நிற்கிற முதுகைத்தான் போட்டார்கள். தெருவில் ஒட்டியிருந்த தன் போஸ்டரைத் தானே ஒருநாள் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனான்.

ஒவ்வொரு சண்டையிலும் மூன்று ரவுண்டு வரை அவன் கைதான் ஓங்கியிருந்தது. ஒவ்வொரு சண்டையிலும் நான்காவதில் கால் செத்துப்போய், ஐந்தாவதிலோ ஆறாவதிலோ வாங்கிக் கட்டிக்கொண்டு கீழே விழுந்தான்.

மனைவி ஒரு சண்டைக்கும் வந்ததில்லை. அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களுக்குக் கண் பார்வை சோதிக்கும் எழுத்துப் பலகை ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்து வீட்டு நடையில் மாட்டியிருந்தாள். சண்டை முடிந்து அவன் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அதற்கு எதிரே நிறுத்துவாள்.

"வலது கண்ண மூடுங்க. கடைசி வரி."

அவன் கடகடவென்று ஒப்பிப்பான்.

"பலகையத் திருப்பி வெச்சிருக்கேன்," என்பாள் அவள். "எதப் பாத்துப் படிச்சீங்க?"

மனப்பாடம் செய்துவைத்திருந்தான். அதற்கப்புறம் அவள் தடவைக்கு ஒரு பலகை கொண்டுவந்தாள். வீங்கின கண்ணுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள்:

"உங்களப் பாத்து சிரிக்கிறாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். சிரிச்சு முடிச்சுட்டு அடிக்கிறாங்களே, அதான் எனக்குப் புரியல."

அவனுக்கும் புரியவில்லை.

ஐந்தாவது சண்டையும் தோற்ற பிறகு தொழில்முறைச் சங்கத்து டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். விளக்கை அடித்துக் கண்ணைப் பார்த்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். அவன் எல்லாம் சரியாகச் செய்தான்.

"அஞ்சு சண்டை. அஞ்சுலயும் தோல்வி," என்றார் டாக்டர். "எல்லாத்துலயும் அடிச்சுக் கீழ போட்டிருக்காங்க. இன்னொண்ணு தோத்தா லைசென்ஸ நான் புதுப்பிக்க மாட்டேன்."

"நான் அமெச்சூர்ல எவ்வளவு கோப்பை வாங்கியிருக்கேன் தெரியுமா டாக்டர்?"

"கோப்பைய எக்ஸ்ரே எடுக்க முடியாதுப்பா. தலையத்தான் எடுக்க முடியும்."

விஷயம் மச்சான் காதுக்குப் போனது. அவர் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"அதனால என்ன மாப்ள, கடைக்கு வந்துரு. உனக்குன்னு ஒரு வேலை யோசிச்சு வெச்சிருக்கேன்."

"மெத்தை தூக்கணுமா?"

"சேச்சே. உன்னப் போய் தூக்கச் சொல்லுவனா? சும்மா படுத்துக் காட்டினாப் போதும். கஸ்டமர் வந்தா, இவர்தான் அந்த சாம்பியன், இவர் எங்கெங்கயோ படுத்துப் பாத்தவரு, நம்ம மெத்தைதான் வேணும்னு வந்துட்டாருன்னு நான் சொல்லுவேன். நீ கண்ண மூடிக்கிட்டு ஒரு சிரிப்பு மட்டும் சிரிக்கணும்."

அன்றைக்கு ராத்திரி அவனுக்குச் சுகமான தூக்கம் வரவில்லை. பெல்ட்டு, பட்டம், பேர், புகழ் எல்லாவற்றையும் அவன் எப்போதோ தலைமுழுகியிருந்தான். ஒரே ஒரு ஜெயிப்பு போதும் என்று தோன்றியது. காசு வாங்கிக்கொண்டு ரிங்கில் ஏறி, ஒரே ஒருவனை, ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டால், நாற்காலியை விட்டுவிட்டு வந்ததற்கு ஒரு பதிலாவது கிடைக்கும். அது இல்லாமல் போனால் கடை ஜன்னலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு போகிற வருகிறவனுக்கெல்லாம் பல்லைக் காட்ட வேண்டியதுதான்.

ஆறாவது சண்டைக்கு ஏற்பாடு ஆனது. எதிராளி ஒரு லாரி டிரைவர். அதற்குச் சில நாள் முன்னால் முடி வெட்டிக்கொள்ள சலூனுக்குப் போயிருந்தான். சலூன்காரர் அவன் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே புலம்பினார்.

"இந்தத் தடவை வேற ஆள வெச்சுக்கச் சொல்லு தம்பி. நான் எதுக்கு அங்க?"

"ஏண்ணே?"

"பின்ன என்ன? மூணாவது ரவுண்டு முடிஞ்சதும் ஸ்டூலப் போட்டுட்டு, தண்ணியப் பிடிச்சுக்கிட்டு, துண்டோட நிக்கிறேன். நீ வந்து உக்காந்தாத்தானே? ஊர் பூரா சுத்திட்டு, கண்டவன் பாட்டில்ல தண்ணி குடிச்சுட்டு வர்றே. அந்தப் பாட்டில்ல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா? அவன் பாட்டுக்கு ஸ்டூல்ல உக்காந்து மூச்சு வாங்குறான், நீ அவனுக்கு எதிர்க்க நின்னு வேடிக்கை காட்டுற. அப்புறம் எழுந்து வந்து அடிக்கிறான்."

கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தை அவன் பார்த்தான். பார்க்கிற மாதிரி ஒன்றுமில்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தான். ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு. குத்துச்சண்டைக்காரனுக்கு அந்த ஒரு நிமிஷம் அரை உயிர். எதிராளி அந்த நிமிஷத்தில் ஓய்வெடுத்தான். இவன் அதே நிமிஷத்தில் குனிந்து நிமிர்ந்து, நடந்து, நடித்து, சிரிக்க வைத்துவிட்டு நேரே நான்காவது ரவுண்டுக்குள் போய்க்கொண்டிருந்தான். கால் சாவதற்கு வயசு காரணம், ராசி காரணம், மச்சான் தைத்துக்கொடுத்த சட்டை காரணம் என்று என்னென்னவோ நினைத்திருந்தான். அடி வாங்கியே மழுங்கிப்போன தலை என்று டாக்டர் சொன்னால் இனிமேல் மறுத்துப் பேசக்கூடாது. அடி வாங்குவதற்கு முன்னாலேயே அது அப்படித்தான் இருந்திருக்கிறது.

"அண்ணே," என்றான். "இந்தத் தடவை உக்காருறேன்."

"சொல்லுவே."

"நிஜமாத்தான். மைக்குகிட்ட சொல்லாதீங்க. மச்சான்கிட்டயும் சொல்லாதீங்க."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன் கால்கிட்ட நீ சொல்லிட்டியா? மணி அடிச்சா அது உன் பேச்சக் கேக்காது."

சண்டை நாள் ஞாயிற்றுக்கிழமை, மதியச் சண்டை. எடை பார்க்கிற இடத்தில் டிரைவர் வந்து பக்கத்தில் நின்றான். ஆள் கதவு மாதிரி அகலம். கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டான்:

"அண்ணே, மூணாவது ரவுண்டு முடிஞ்சதும் எங்க மூலைக்கு வருவீங்கல்ல?"

"ஏன் தம்பி?"

"எங்க வீட்ல எல்லாரும் வந்திருக்காங்க. நான் சண்டை போடறதுக்கு ஒருநாளும் வந்ததில்ல. நீங்கன்னு சொன்னதும் அம்மா முதக்கொண்டு கிளம்பி வந்துட்டாங்க. உங்களுக்குக் குடுக்கறதுக்குன்னு எங்க மாஸ்டர் புதுசா ஒரு பாட்டில் வாங்கி வெச்சிருக்காரு."

"பாப்போம்," என்றான் சாம்பியன். இப்படி மரியாதையாகக் கேட்கிறவனை அடிப்பது கஷ்டம். அடிக்காமல் இருப்பது அதைவிடக் கஷ்டம், டிரைவரின் கை அப்படிப்பட்ட கை.

முதல் ரவுண்டில் டிரைவரின் குத்து ஒன்று தோளில் பட்டு, கை விரல் வரை மரத்துப்போனது. அதற்கப்புறம் சாம்பியன் அவன் பக்கத்தில் நிற்கவே இல்லை. தொட்டான், விலகினான், தொட்டான், விலகினான். மூன்று ரவுண்டும் அப்படியே போயின. கூட்டம் சண்டையைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மணி அடிப்பதற்கு முன்னாலேயே பின்வரிசையில் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மணி அடித்தது.

சலூன்காரர் சொன்னது சரிதான். கால் அவனைக் கேட்காமலேயே எதிர் மூலையைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அதற்குள் கயிற்றுக்கு நடுவில் கையை விட்டு அவன் அரைக்கால் சட்டையின் எலாஸ்டிக்கைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார் அவர். பின்னால் போய்த் தொப்பென்று ஸ்டூலில் விழுந்தான். கடையின் பெயர் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

எழுந்து நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு விசில். பிறகு "குனி, குனி" என்று ஒரு பக்கம் ஆரம்பித்து நான்கு பக்கமும் பரவியது. எதிர் மூலையில் டிரைவரின் மாஸ்டர் புதுப் பாட்டிலைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.

"நம்ம சாம்பியன் மறந்துட்டாரு போல," என்று மைக்கு மைக்கில் சிரித்தார். மைக்கை மூடிக்கொண்டு ஓடிவந்து, சிரிக்காமல், "ஏய், எந்திரி," என்றார்.

மச்சான் இன்னொரு பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "மாப்ள, ஒரே ஒரு தடவை குனிஞ்சுட்டு வந்துரு. கடை பேரு யாருக்கும் தெரியல."

"வாயத் தொற," என்றார் சலூன்காரர். பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு அவன் வாயில் தண்ணீர் ஊற்றினார். கழுத்தில் ஐஸை வைத்தார். மூன்றாவது மணிக்குப் பிறகு வரும் நிமிஷம் இத்தனை நீளம் என்று இத்தனை நாளாக அவனுக்குத் தெரியாமல் போய்விட்டது. அவன் உட்கார்ந்தான். மூச்சு வந்தது, போனது. ஸ்டூலின் ஒரு கால் குட்டை. அதைக் கூட இப்போதுதான் கவனித்தான். வசவெல்லாம் காதில் விழுந்தது, ஆனால் முழங்கால் மெல்ல மெல்ல அடங்கி, கோபித்துக்கொண்டு போன ஆள் திரும்பி வந்த மாதிரி அவனோடு சேர்ந்து உட்கார்ந்தது.

நான்காவது ரவுண்டில் கால் இருந்தது. ஐந்தாவதிலும் இருந்தது. டிரைவர் துரத்தினான், இவன் விலகினான். கையில் பலம் இல்லை, வேகமும் குறைந்துவிட்டது, ஆனால் அடி விழுகிற இடத்தில் மட்டும் அவன் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அதைவிடச் சலிப்பான சண்டை இருக்க முடியாது. பாதிப் பேர் டீ குடிக்க வெளியே போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் காகிதத்தை உருட்டி ரிங்கில் எறிந்தார்கள். ஆறாவதில் டிரைவரின் கை ஒன்று காதோரம் உரசிக்கொண்டு போனது. அது சரியாகப் பட்டிருந்தால் மெத்தைக்கடைதான். பயத்தில் டிரைவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். நடுவர் பிரித்துவிட்டார். மறுபடி பிடித்துக்கொண்டான். உடும்புப்பிடி. வீரம் என்று சொல்ல முடியாது, ஆனால் விழவில்லை. கடைசி மணி அடிக்கும்போது இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தான்.

சண்டை முடிந்துவிட்டது. நிஜமாகவே முடிந்துவிட்டது. இப்போதுதான் அந்த மரியாதைக்கு நேரம். யாரும் சொல்லாமல், யாருக்காகவும் இல்லாமல், பழைய நாளில் செய்த மாதிரி ரப்பரை எடுத்துவிட்டு நான்கு பக்கமும் திரும்பி நிதானமாகக் குனிந்து வணக்கம் சொன்னான். டிரைவரின் மூலைக்குப் போய் அந்த மாஸ்டர் கையைத் தொட்டான். நல்லாச் சண்டை போட்டான் உங்க ஆளு என்று சொல்வதற்காக வாயைத் திறந்தான்.

தியேட்டர் கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

வெளியே டீ குடிக்கப் போனவர்கள் கோப்பையோடு உள்ளே ஓடிவந்தார்கள். டிரைவரின் குடும்பம் மொத்தமும் எழுந்து நின்று கை தட்டியது. அவனுடைய அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மாஸ்டர் முகமெல்லாம் மலர்ந்து புதுப் பாட்டிலை நீட்டினார். கிழிந்த உதட்டோடு டிரைவரும் சிரித்தான். "மறக்கல, நம்ம சாம்பியன் மறக்கல," என்று மைக்கு அலறினார். சாம்பியன் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இல்லப்பா, இது நிஜ வணக்கம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள். தண்ணீரைக் குடித்தான். நல்ல தண்ணீர்தான்.

நடுவருக்குப் பக்கத்தில் போய் நின்று மணிக்கட்டைக் கொடுத்தான். மைக்கு ஏதோ சொன்னார், சிரிப்பில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கை மேலே போன மாதிரி இருந்தது. ஆனால் நம்புவதற்கில்லை. இதுவரை எத்தனை தடவை வேடிக்கைக்காக அவனே அதைத் தூக்கியிருக்கிறான்.

கீழே இறங்கியதும் சலூன்காரரைக் கேட்டான். "அண்ணே, யார் கையத் தூக்கினாரு?"

"உன் கையத்தான் தூக்கின மாதிரி இருந்துச்சு. எதுக்கும் போய்க் கேட்டுக்க."

நடுவர் ஒரு மூலையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். சாம்பியன் போய் முன்னால் நின்றான்.

"சார், ஜெயிச்சது யாரு?"

நடுவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இன்னுமாப்பா விளையாட்டு?"

"இல்ல சார். நிஜமாக் கேக்குறேன்."

"நீதான். பாயிண்ட்ல. போப்பா."

டிக்கெட் அறையில் மைக்கு காத்திருந்தார். அவருக்குக் கோபம் எல்லாம் போய்விட்டது. "மூணாவதுல நீ உக்காந்ததும் எனக்கு உயிரே போயிருச்சு. அவங்களத் தவிக்க விட்டுக் கடைசியில குடுத்த பாரு, அதுதான் வித்தை. இனிமே அங்கயே வெச்சுக்குவோம். நான் போஸ்டர மாத்திர்றேன்." மச்சான் தலையை ஆட்டினார். கடை பேர் கடைசியில் நன்றாகத் தெரிந்ததாம்.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டான். வெளியே நடைக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டான். அவள் கண்ணாடிக்கடையில் இருந்தாள்.

"ஜெயிச்சுட்டேன்," என்றான்.

அவள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"பின்னால என்ன சத்தம்? சிரிக்கிறாங்களா?"

"ஆமா."

"போன தடவையும் இப்படித்தான் சிரிச்சாங்க. தோத்துட்டு வந்தீங்க."

"நடுவர்கிட்டக் கேட்டுட்டேன். நான்தான்."

"எழுதிக் குடுத்தாரா?"

"வாயால சொன்னாரு."

"ம்."

"அடுத்த சண்டைக்கு மைக்கு கூப்பிடுறாரு."

"மறுபடியும் குனியணுமா?"

"குனியணும். ஆனா கடைசியில. ஆறு ரவுண்டும் முடிஞ்சப்புறம்."

"அப்ப நடுவுல உக்காந்துக்குவீங்கல்ல?"

"உக்காந்துக்குவேன்."

அவள் யோசித்தாள். கடையில் யாரோ மூக்குக்கண்ணாடி தளர்வாக இருக்கிறது என்று சொல்வது கேட்டது.

"அப்படின்னா போங்க," என்று சொல்லிவிட்டு, அந்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.